எபிசோட் 31: இந்தப் பொருளோட சொந்த ஊர் எது?

(ஒலி வடிவத்திலிருந்து எழுத்துக்கு மாற்றி, லேசாகத் திருத்தியது.)

போன எபிசோட்ல ராயபுரம் ரயில் நிலையம் பற்றிப் பேசினோம். இந்த வாரமும் வடசென்னைதான். ஆனா கட்டடம் இல்லை, ஒரு காகிதம். ஏ4 சைஸ்ல ஒரு சான்றிதழ், அதுல ஒரு சீல், ஒரு கையெழுத்து. சர்டிஃபிகேட் ஆஃப் ஆரிஜின். தமிழ்ல பிறப்பிடச் சான்றிதழ்னு வச்சுக்கலாம்.

இதை ஏன் எடுத்துக்கிட்டேன்னா, எங்க வீட்டுல முப்பது வருஷமா இந்தக் காகிதம்தான் சோறு போட்டது. எங்க அப்பா பாரிமுனையில ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸ்ல டாக்குமென்டேஷன் பார்த்தவர். ராஜாஜி சாலை கஸ்டம் ஹவுஸ் வாசல், துறைமுகத்தோட ஜீரோ கேட், திருவொற்றியூர் பக்கம் இருக்கிற கன்டெய்னர் யார்டு. அவரோட உலகம் இந்த மூணுக்கும் நடுவுலதான். நான் இன்ஜினியரிங் முடிச்சு ஓஎம்ஆர் பக்கம் கோடு அடிக்கப் போயிட்டேன். அப்பா என்ன வேலை பார்க்கிறார்னு யாராவது கேட்டா, "ஹார்பர்ல" அப்படின்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவேன். அதுக்கு மேல எனக்கே தெரியாது.

2021-ல வொர்க் ஃப்ரம் ஹோம் நேரத்துல ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு அப்பா போன்ல கத்திக்கிட்டு இருந்தார். வச்சதும் கேட்டேன், "என்னாச்சுப்பா?"

"சரக்கு நிக்குதுடா. சிஓஓ இருக்கு, சீல் இருக்கு, எல்லாம் இருக்கு. ஆனா பொருள் எங்க செஞ்சாங்கன்னு நிரூபிக்கச் சொல்றாங்க."

"அதான் சர்டிஃபிகேட் இருக்கே?"

அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கே! "உன் பர்த் சர்டிஃபிகேட்ல பேர் இருக்கு. அதுக்காக நீ யாருன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடுமா?"

அந்தச் சரக்கு என்னாச்சுன்னு கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி கொஞ்சம் வரலாறு.

திருவொற்றியூர் புல்லட்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில போறவங்களுக்கு அந்த ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலை தெரியும். இப்போ உற்பத்தியில பெரும்பகுதி ஒரகடம், வல்லம் வடகால் பக்கம் போயிடுச்சு. ஆனா கதை ஆரம்பிச்சது இங்கதான். 1950-களின் தொடக்கத்துல எல்லைப் பகுதி ரோந்துக்காக இந்திய ராணுவம் 800 புல்லட் வண்டிகளை ஆர்டர் பண்ணியது. வண்டி இங்கிலாந்துல ரெடிட்ச் என்ற ஊர்ல செய்தது. 1955-ல ரெடிட்ச் கம்பெனியும் சென்னையில இருந்த மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா என்ற கம்பெனியைத் தொடங்கினாங்க. முதல்ல இங்கிலாந்துல இருந்து பாகங்கள் பெட்டி பெட்டியா வரும். இங்க அதைக் கோர்த்து வண்டியாக்குவாங்க. அப்புறம் கருவிகளும் அச்சுகளும் வந்தன. ஒவ்வொரு பாகமா இங்கேயே செய்ய ஆரம்பிச்சாங்க. 1962 வாக்குல எல்லாப் பாகமும் உள்ளூர்தான். ரெடிட்ச் ஆலை 1967-ல மூடியாச்சு. 1970-ல இங்கிலாந்துல ராயல் என்ஃபீல்டே முடிஞ்சுபோச்சு. 1977-ல திருவொற்றியூர்ல இருந்து புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகத் தொடங்கியது.

இப்போ கேள்வி. 1955-ல பெட்டியைப் பிரிச்சு இங்க கோர்த்த வண்டி இந்திய வண்டியா, இங்கிலீஷ் வண்டியா? 1962-ல செய்தது? நடுவுல 1958-ல டேங்க் இங்கேயும் கியர்பாக்ஸ் அங்கேயும் செய்திருந்தா? எந்த நட்டைத் திருகும்போது அது இந்திய வண்டியா மாறியது?

டீக்கடையில பேசினா இது வெட்டிப் பேச்சு. சுங்கத்துறையில பேசினா இது காசு. வரி எவ்வளவுன்னு முடிவு பண்றது இந்தப் பதில்தான். அந்தப் பதிலைக் கண்டுபிடிக்கிற விதிகளுக்குப் பேர்தான் ரூல்ஸ் ஆஃப் ஆரிஜின், பிறப்பிட விதிகள்.

வெள்ளைக்காரன் காலத்துச் சலுகை

"இதெல்லாம் இப்போ வந்த எஃப்டிஏ சமாச்சாரம்"னு நான் நினைச்சிருந்தேன். இல்லை. 1932-ல கனடாவோட ஒட்டாவா நகரத்துல பிரிட்டிஷ் பேரரசு நாடுகள் ஒரு மாநாடு போட்டன. உலகம் முழுக்க மந்தநிலை. எல்லா நாடும் வரிச் சுவரை உயர்த்திக்கிட்டு இருந்த நேரம். நமக்குள்ள மட்டும் சுவரைக் கொஞ்சம் தாழ்த்திக்கலாம்னு ஒப்பந்தம். அதன்படி இந்தியாவுக்குள் வரும் பல பிரிட்டிஷ் பொருள்களுக்கு வரியில் 10 சதவீதம் சலுகை, மோட்டார் வண்டிகளுக்கு 7.5 சதவீதம்.

சலுகைன்னு ஒண்ணு வந்தாலே, "இது நிஜமாவே பிரிட்டிஷ் பொருள்தானா?" என்ற கேள்வியும் வந்துடும். ஜெர்மன் இரும்பு லிவர்பூல்ல இறங்கி, வேற பெட்டியில ஏறி, மெட்ராஸ் துறைமுகத்துக்கு வந்தா அது பிரிட்டிஷா? அதனால சான்று கேட்டாங்க, விதி எழுதினாங்க. நம்ம ஆளுங்களுக்கு இந்த ஒப்பந்தமே பிடிக்கலை. இங்கிலாந்துக்குச் சாதகமா இருக்குன்னு எதிர்ப்பு. 1936-ல மத்திய சட்டமன்றம் இதை முடிச்சுக்கணும்னு தீர்மானம் போட்டது. 1939-ல வேற ஒப்பந்தம் வந்தது.

இதே காலத்துல ஒரு கில்லாடி வேலையும் நடந்திருக்கு. அமெரிக்காவோட ஃபோர்டு கம்பெனிக்கு மெட்ராஸ், பம்பாய், கல்கத்தா மூணு ஊர்லயும் கார் கோர்க்கிற ஆலை இருந்தது. ஆனா ஃபோர்டு இந்தியா, அமெரிக்க ஃபோர்டோட நேரடிப் பிள்ளை இல்லை. அது கனடா ஃபோர்டோட பிள்ளை. கனடா ஃபோர்டு ஆலை இருந்தது டெட்ராய்ட்டுக்கு எதிர்க்கரையில, நடுவுல ஒரு ஆறுதான். அந்த ஆற்றைத் தாண்டிட்டா கார் "பேரரசுப் பொருள்". சலுகை தர்ற பேரரசு நாடுகள்ல குறைஞ்ச வரியில விற்கலாம். டிசைன் அதே, மூளை அதே, ஊர் மட்டும் வேற. நூறு வருஷத்துக்கு முன்னாடியே கம்பெனிகளுக்கு இந்த விளையாட்டு அத்துப்படி.

எண்ணூர்ல நடந்த மாற்றம்

சுதந்திரத்துக்குப் பிறகு கேள்வி தலைகீழாச்சு. 1948-ல ரகுநந்தன் சரண் என்பவர் அசோக் மோட்டார்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். எண்ணூர்ல ஆஸ்டின் ஏ40 கார்களைக் கோர்க்கிற வேலை. பாகம் வரும், கோர்ப்பாங்க, விற்பாங்க. புதுசா பிறந்த நாட்டோட அரசாங்கம், "கோர்க்கிறது தொழில் இல்லை, செய்யுறதுதான் தொழில்"னு நினைச்சது. 1953-ல டாரிஃப் கமிஷன், உள்ளூர்ல செய்யற திட்டம் இருக்கிறவங்க மட்டும் தொடரட்டும்னு பரிந்துரைத்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டின. அசோக் மோட்டார்ஸ் லேலண்டோட கைகோர்த்து, படிப்படியா உள்ளூர்ல லாரி செய்யற திட்டத்தோட 1955-ல அசோக் லேலண்ட் ஆனது. திருவொற்றியூர்ல என்ஃபீல்டு தொடங்கியதும் அதே 1955.

ஒரு வித்தியாசத்தைக் கவனிங்க. 1953-ல வந்தது கட்டாயம்: உள்ளூர்ல செய், இல்லைன்னா கிளம்பு. ரூல்ஸ் ஆஃப் ஆரிஜின்ல கட்டாயம் கிடையாது. அது ஒரு நிபந்தனை: உள்ளூர்ல இவ்வளவு செய்திருந்தா வரி குறைவு, இல்லைன்னா சாதாரண வரியைக் கட்டிட்டுப் போ. முதலாவது கதவு. இரண்டாவது தள்ளுபடிக் கூப்பன். ஆனா ரெண்டுக்கும் அடியில இருக்கிற கணக்கு ஒண்ணுதான்: ஒரு பொருள்ல ஒரு நாட்டோட பங்கு எவ்வளவு?

மீனும் லாரியும்

இதை எப்படி அளக்குறாங்க? மூணு வழி இருக்கு.

முதல் வழி, முழுக்க முழுக்க ஒரே நாட்டுல கிடைத்தது. இங்க விளைஞ்ச நெல், இங்க வெட்டின கிரானைட், இங்க பிறந்து வளர்ந்த ஆடு. சுலபம்னு தோணும். ஆனா காசிமேட்டு மீனை எடுத்துக்குங்க. கரைக்குப் பக்கத்துல பிடிச்சா இந்திய மீன், பிரச்சினை இல்லை. ஆழ்கடல்ல, எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத தண்ணியில பிடிச்சா? பெரும்பாலான ஒப்பந்தங்கள்ல அந்த மீனோட நாடு, பிடிச்ச படகோட நாடுதான். படகு எங்க பதிவாகியிருக்கு, எந்தக் கொடி பறக்குதுன்னு பார்ப்பாங்க. மீனுக்கு இதெல்லாம் தெரியாது.

இரண்டாவது வழி, எண் மாற்றம். உலகத்துல வியாபாரமாகிற எல்லாப் பொருளுக்கும் ஹெச்எஸ் கோடுன்னு ஒரு எண் உண்டு. பாமாயில் 1511. வனஸ்பதி 1516. ஒரு நாட்டுக்குள்ள 1511 போய் 1516-ஆ வெளியே வந்தா, உள்ளே ஏதோ உருப்படியா நடந்திருக்குன்னு அர்த்தம். சில ஒப்பந்தங்கள்ல முதல் நாலு இலக்கம் மாறணும், சிலதுல ஆறு இலக்க அளவுல மாறினா போதும்.

மூன்றாவது வழி, மதிப்புக் கூட்டல். ஏற்றுமதி விலை 100 ரூபாய். அதுல வெளிநாட்டுச் சாமான் 65 ரூபாய்க்கு மேல போகக் கூடாது. மீதி 35 உள்ளூர்ல சேர்ந்த மதிப்பா இருக்கணும். இந்தியா போட்ட பல ஒப்பந்தங்கள்ல 35 என்ற எண் திரும்பத் திரும்ப வரும். இலங்கையோட 35. ஆசியானோட 35. தென் கொரியாவோட பொது விதியிலயும் 35. கூடவே எண் மாற்றமும் வேணும், ரெண்டு பரீட்சையும் பாஸ் பண்ணணும்.

மென்பொருள்காரங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். நீங்க எழுதின ஆப்ல நூறு லைப்ரரி இருக்கு, அதுக்குள்ள இன்னும் ஆயிரம். "இந்த ஆப் உன்னுதா?"ன்னு ஒருத்தர் கேட்டா என்ன சொல்வீங்க? டிபென்டென்சி ட்ரீயை விரிச்சுக் காட்டணும். பிறப்பிட விதி கேட்கறதும் அதேதான். ஆனா இங்க உங்க சப்ளையரோட சப்ளையர் விலையைக் காட்ட மாட்டான். அங்கதான் சிக்கல்.

பொருளாதார அறிஞர் ஜகதீஷ் பகவதி 1995-ல இதை ஸ்பகெட்டி கிண்ணம்னு சொன்னார். ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு நாட்டோட தனித்தனியா ஒப்பந்தம் போட்டா, விதிகள் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கும்னு. ஸ்பகெட்டியைக் கண்ணால பார்க்காதவங்களுக்கும் நம்ம மொழியில ஏற்கனவே வார்த்தை இருக்கு: இடியாப்பச் சிக்கல். உலக வர்த்தக அமைப்பு தொடங்கின 1995-லேயே, சலுகை சம்பந்தப்படாத வியாபாரத்துக்காவது பிறப்பிட விதிகளை உலகம் முழுக்க ஒரே மாதிரி ஆக்கிடலாம்னு வேலையைத் தொடங்கினாங்க. மூணு வருஷத்துல முடிக்கணும்னு திட்டம். இன்னும் முடியலை.

இலங்கை வனஸ்பதி

இப்போ வர்றதுதான் இந்த எபிசோடோட மையம். இந்தியா முதன்முதலா தனியா ஒரு நாட்டோட போட்ட பெரிய சுதந்திர வர்த்தக ஒப்பந்தங்கள்ல ஒண்ணு இலங்கையோட போட்டது. 1998 டிசம்பர் 28-ல வாஜ்பாயும் சந்திரிகா குமாரதுங்கவும் கையெழுத்துப் போட்டாங்க. 2000 மார்ச் 1-ல நடைமுறைக்கு வந்தது. விதி: 35 சதவீத மதிப்புக் கூட்டல், நாலு இலக்க எண் மாற்றம். இந்தியாவுல இருந்து வாங்கின மூலப்பொருளைப் பயன்படுத்தினா, இலங்கைப் பங்கு 25 இருந்தா போதும், ரெண்டும் சேர்ந்து 35 வந்தா சரி. ஆயத்த ஆடைக்குத் தனி நிபந்தனை: வருஷத்துக்கு 80 லட்சம் உருப்படி வரை சலுகை, அதுல 60 லட்சம் இந்தியத் துணியில தைச்சதா இருக்கணும். எவ்வளவு கவனமா எழுதியிருக்காங்க பாருங்க.

ஆனா துணியைப் பார்த்தவங்க எண்ணெயை விட்டுட்டாங்க. அந்தக் காலத்துல இந்தியா பாமாயிலுக்கு அதிக வரி போட்டிருந்தது. இலங்கையில வரி குறைவு. கணக்குப் போட்ட சில முதலீட்டாளர்கள், அவங்கள்ல நிறைய பேர் இந்தியர்கள், இலங்கையில வனஸ்பதி ஆலை போட்டாங்க. மலேசியா, இந்தோனேசியாவுல இருந்து பாமாயில் இலங்கைக்கு வரும். அங்க வனஸ்பதியாகும். 1511 போய் 1516 ஆச்சு, எண் மாறிடுச்சு. வரி இல்லாம இந்தியாவுக்குள்ள வந்துடும். இதே மாதிரி தாமிரம். இலங்கையில தாமிரச் சுரங்கம் கிடையாது. பழைய தாமிரத்தை, அதாவது ஸ்கிராப்பை, வெளியே இருந்து கொண்டுவந்து உருக்கி இந்தியாவுக்கு அனுப்பினாங்க. 2000-களின் நடுவுல, இலங்கை இந்தியாவுக்கு அனுப்பிய மொத்தச் சரக்குல ஏறக்குறைய பாதி இந்த ரெண்டு பொருள்தான்.

இந்திய வனஸ்பதி ஆலைக்காரங்க கொதிச்சாங்க. எண்ணெயைக் கெட்டியாக்கினா அதுல 35 சதவீத மதிப்பு எங்க இருந்து வரும்? தாமிரத்துல, ஸ்கிராப் விலையை வேணும்னே குறைச்சுக் காட்டி மதிப்புக் கூட்டலை உயர்த்திக் காட்டுறாங்கன்னு இந்தியத் தரப்பு சந்தேகப்பட்டது. யோசிச்சுப் பாருங்க: 100 ரூபாய்ப் பொருள்ல ஸ்கிராப் விலை 80 ரூபாய். பில்லுல 60-ன்னு எழுதிட்டா 40 சதவீத மதிப்புக் கூட்டல் காகிதத்துலேயே பிறந்துடும். உலையில எதுவும் மாறலை, எக்செல்ல மாறிடுச்சு.

கடைசியில இந்தியா வனஸ்பதிக்கு வருஷத்துக்கு 2.5 லட்சம் டன் என்ற உச்சவரம்பு போட்டது. 2008-ல, விலைவாசி ஏற்றத்தைச் சமாளிக்க, இந்தியா சமையல் எண்ணெய் வரியையே பெரிய அளவுல குறைச்சது. கச்சா எண்ணெய்க்கு வரியே இல்லைன்னு ஆக்கினது. அவ்வளவுதான். இலங்கை வனஸ்பதித் தொழில் சரிஞ்சது.

இதுல யாரைத் திட்டுறது? முதல்ல நான் "ஏமாத்துக்காரங்க"ன்னுதான் நினைச்சேன். படிக்கப் படிக்க அவ்வளவு சுலபமா தெரியலை. அந்த ஆலைகள்ல வேலை பார்த்த இலங்கைத் தொழிலாளிக்கு இது நிஜ வேலை, நிஜச் சம்பளம். ஒப்பந்தத்துல எழுதியிருந்த விதிப்படிதான் ஆலை வந்தது. நடுவழியில உச்சவரம்பு போட்டா அந்தப் பக்கம் "பெரிய நாடு வாக்கு மாறிடுச்சு"ன்னுதான் சொல்வாங்க, சொன்னாங்க. இந்தப் பக்கம் ஆலையை மூடின இந்திய முதலாளிக்கும் தொழிலாளிக்கும் அதுவும் நிஜ நஷ்டம். வரி குறைஞ்ச அன்னிக்கே தொழில் காணாமப் போச்சுன்னா, அந்த வனஸ்பதி பிறந்தது மலேசியாவுலயும் இல்லை, இலங்கையிலயும் இல்லை. ரெண்டு நாட்டு வரி அட்டவணைக்கும் நடுவுல இருந்த இடைவெளியில பிறந்தது.

கொரியாவுல தங்கம் விளையுமா?

இதே கதை 2017-ல தங்கத்துல நடந்தது. தென் கொரியாவோட நம்ம ஒப்பந்தம் 2010 ஜனவரி 1-ல நடைமுறைக்கு வந்தது. சென்னைக்கு இது ரொம்ப நெருக்கமான ஒப்பந்தம், ஏன்னா இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய்க்கும் அதைச் சுற்றி இருக்கிற கொரிய உதிரிபாகக் கம்பெனிகளுக்கும் கொரியாவுல இருந்து சாமான் வந்துக்கிட்டே இருக்கும். அந்த ஒப்பந்தத்துல சில தங்கப் பொருள்களுக்கு அடிப்படைச் சுங்க வரி கிடையாது. ஆனா அதுமேல 12.5 சதவீத ஈடுசெய் வரி இருந்ததால யாருக்கும் லாபமில்லை. 2017 ஜூலை 1-ல ஜிஎஸ்டி வந்தது. அந்த 12.5 போய் 3 சதவீத ஜிஎஸ்டி ஆச்சு. ஒரு ராத்திரியில கதவு திறந்துடுச்சு.

2016-17 முழு வருஷமும் கொரியாவுல இருந்து வந்த தங்கம் 7 கோடி டாலர் அளவு. 2017 ஜூலை 1-ல இருந்து ஆகஸ்ட் 3 வரை, ஒரே மாசத்துல, 33 கோடி டாலருக்கு மேல. கொரியா ஒண்ணும் பெரிய தங்கச் சுரங்க நாடு இல்லை. ஆகஸ்ட் கடைசியில அரசு கட்டுப்பாடு விதிச்சது.

அப்புறம் 2022-ல ஐக்கிய அரபு அமீரகத்தோட ஒப்பந்தம். ஹெச்எஸ் விதிப்படி, ஒரு உலோகக் கலவையில எடையில 2 சதவீதம் பிளாட்டினம் இருந்தா மொத்தமும் பிளாட்டினக் கலவை. மீதி 98-ம் தங்கமா இருந்தாலும் சரி! பிளாட்டினக் கலவைக்கு வரி குறைவுன்னா என்ன வரும்னு நீங்களே யூகிக்கலாம். அதையும் பின்னாடி கட்டுப்படுத்தினாங்க. எழுதினவர் யோசிக்காத எட்ஜ் கேஸை யூசர் முதல் வாரமே கண்டுபிடிச்சிடுவார். நமக்குத் தெரியாததா?

அப்பாவோட கையெழுத்து

இப்படிப் பல வருஷம் அடிபட்ட பிறகு இந்தியா நிலைப்பாட்டை மாத்திக்கிச்சு. 2019 நவம்பர்ல பாங்காக்ல ஆர்செப் என்ற பெரிய ஆசிய ஒப்பந்தத்துல சேரலைன்னு சொல்லிடுச்சு. சொன்ன கவலைகள்ல பிறப்பிட விதியும் ஒண்ணு: வேற நாட்டுச் சரக்கு சுத்தி வந்து உள்ளே நுழைஞ்சிடும்னு. 2020-ல சுங்கச் சட்டத்துல 28டிஏ என்ற புதுப் பிரிவு. அதோட கரோட்டார் என்ற விதிகள், 2020 செப்டம்பர் 21-ல இருந்து.

அதுவரைக்கும் சீல் வச்ச சான்றிதழ் இருந்தா போதும். சந்தேகம் வந்தா இந்திய அரசு அந்த நாட்டு அரசுகிட்ட கேட்கும். இனிமேல் சான்றிதழ் மட்டும் போதாது, பொறுப்பு இறக்குமதி பண்றவர் தலையில. பொருள் எப்படிச் செஞ்சாங்க, வெளி நாட்டுச் சாமான் என்னென்ன, மதிப்புக் கூட்டல் எவ்வளவுன்னு தெரிஞ்சு வச்சிருக்கணும். கேட்டா பத்து வேலை நாள்ல கொடுக்கணும். காகிதத்தை அஞ்சு வருஷம் பத்திரமா வைக்கணும்.

இப்போ அப்பாவோட அந்த ராத்திரிக்கு வரேன். கன்டெய்னர், ஆசியான் நாடு ஒண்ணுல இருந்து வந்தது. உள்ளே வீட்டு உபயோக ஃபிட்டிங்ஸ். வாங்கினவர் சவுகார்பேட்டை பக்கம் சின்ன வியாபாரி, வருஷத்துக்கு நாலஞ்சு கன்டெய்னர் எடுக்கிறவர். அந்த நாட்டு சப்ளையருக்கு அப்பா மெயில் அனுப்பினார்: உங்க மூலப்பொருள் விலை, லேபர், லாபம், எல்லாம் பிரிச்சுக் கொடுங்க. அவன் பதில் ஒரே வரி. அது எங்க தொழில் ரகசியம், சான்றிதழ் கொடுத்தாச்சு.

அவன் சொன்னதும் தப்பில்லை. தன் லாபம் எவ்வளவுன்னு வாங்குறவன்கிட்ட யார் சொல்வா? அதிகாரி கேட்டதும் தப்பில்லை. தங்கத்தையும் தாமிரத்தையும் பார்த்தவங்க கேட்கத்தான் செய்வாங்க. நடுவுல சவுகார்பேட்டைக்காரரும் அப்பாவும். வித்தியாச வரிக்குப் பேங்க் கியாரண்டி கொடுத்து சரக்கை எடுக்கலாம். ஆனா அவரோட முதல் ஏற்கனவே சரக்குல முடங்கியிருக்கு. சரக்கு நிற்கிற ஒவ்வொரு நாளும் யார்டுக்காரனுக்கு வாடகை, கப்பல் கம்பெனிக்கு டிடென்ஷன்.

பன்னிரண்டாவது நாள் அவர் சலுகையே வேண்டாம்னு முழு வரியைக் கட்டி சரக்கை எடுத்தார். அந்தப் பொருள் நிஜமா எங்க செஞ்சதுன்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. அதுக்குப் பிறகு அவர் இறக்குமதியே நிறுத்திட்டார். இப்போ பெரிய இறக்குமதியாளர்கிட்ட வாங்கி விற்கிறார். பெரியவங்களுக்குச் சட்டம் பார்க்க ஆள் இருக்கு, சப்ளையரை "கொடு, இல்லைன்னா ஆர்டர் கிடையாது"ன்னு மிரட்டற பலம் இருக்கு. ஏமாத்தறவனைப் பிடிக்க எழுதின விதியில, முதல்ல தடுக்கி விழுந்தவர் ஏமாத்தத் தெரியாத சின்ன ஆள்.

அன்னிக்கு ராத்திரி அப்பா சாப்பிடும்போது சொன்னார், "முப்பது வருஷமா நான் காகிதத்தைத்தான்டா பார்த்திருக்கேன். பொருளை ஒருநாளும் பார்த்ததில்லை." அவர் யாரையும் குற்றம் சொல்லலை. ஆனா அதுக்கப்புறம் சலுகை கேட்கிற ஒவ்வொரு பில் ஆஃப் என்ட்ரியையும் ரெண்டு தடவை படிச்சுட்டுத்தான் அனுப்புவார். ராத்திரி தூக்கத்துல எழுந்து மெயில் பார்ப்பார். போன வருஷம் ரிட்டயர் ஆனார். நல்லா தூங்குறார்.

அப்போ விதியே வேண்டாமா? வேணும். விதி இல்லைன்னா ஒரு நாட்டுக்குக் கொடுத்த சலுகை உலகத்துக்கே கொடுத்த மாதிரி. ஆனா ஒண்ணு கவனிச்சேன். வனஸ்பதி, தாமிரம், தங்கம், மூணுலயும் ஓட்டை விழுந்த இடம் சான்றிதழ் இல்லை. ரெண்டு வரிக்கு நடுவுல இருந்த பெரிய பள்ளம். பள்ளம் பெருசா இருக்கிற வரைக்கும் தண்ணி எப்படியாவது வழி கண்டுபிடிக்கும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில நிற்கிற சரக்கு லாரி எல்லாத்தையும் திறந்து பார்த்தாலும் சரி, பள்ளத்தைச் சரி பண்ணாம ஓட்டையை அடைக்க முடியாது. சோதனையைக் கூட்டறதை விட, ஒப்பந்தம் எழுதும்போதே வரி அட்டவணையை ஒருதடவை பக்கத்துல வச்சுப் பார்க்கிறது மலிவு. எனக்குத் தோணினது இது. நீங்க மறுக்கலாம்.

கடைசியா ஒண்ணு. 2025 ஜூலை 24-ல இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டன. அதுல ஏற்றுமதி பண்றவரே "இது எங்க நாட்டுப் பொருள்"னு தானே அறிவிக்கிற வழியும் இருக்கு. அரசாங்க சீல் தேவையில்லை, ஆனா பொய்ன்னு தெரிஞ்சா பொறுப்பு அவருது. 1955-ல ரெடிட்ச்ல இருந்து பெட்டியில வந்த வண்டி, இனிமே இங்க இருந்து கிளம்பும்போது "நான் இந்தியன்"னு தானே எழுதிக் கொடுத்துட்டுப் போகலாம்.

அப்பாகிட்ட இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சார். "சரி, கையெழுத்து யார் போடுறது?"ன்னு கேட்டார்.

இந்த வாரம் உங்க வீட்டுல ஏதாவது ஒரு பொருளைத் திருப்பி, அடியில எந்த நாடுன்னு பாருங்க. அதுக்குள்ள எத்தனை நாடு இருக்கும்னு யோசிச்சு எனக்கு எழுதுங்க. உங்க வீட்டுல யாராவது ஹார்பர், கிளியரிங், யார்டு வேலையில இருந்தா, அவங்ககிட்ட ஒரு பத்து நிமிஷம் உட்கார்ந்து கேளுங்க. நான் ரொம்ப லேட்டாக் கேட்டேன்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.